பழைய மாடல் 70, புது டிக்கா, அப்புறம் ஒரு மலிவு ரைஃபிள்: பல சீசன்கள் புழங்கிய அனுபவம்

"இப்போதெல்லாம் யார் இந்த மாதிரி செய்கிறார்கள்?" பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய வின்செஸ்டர் மாடல் 70 ஒன்றைக் கையில் எடுப்பவர் இதைச் சொல்லாமல் கீழே வைப்பது அபூர்வம். பக்கத்தில் நிற்கும் இளைஞர் விடமாட்டார். "என் ஐந்நூறு டாலர் ரைஃபிள் இதைவிட நெருக்கமாகக் குறி அடிக்குமே" என்பார். இரண்டு பேரையும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் தோளில் வைக்கும் கட்டையையும் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் குண்டு பாயும் குழாயான பேரலைப் பார்த்துப் பேசுகிறார்.

என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று, 1950-களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் செய்த மாடல் 70, .30-06 தோட்டாவுக்கானது. இரண்டாவது டிக்கா டி3எக்ஸ் லைட், துருப்பிடிக்காத எஃகு, .308. ஃபின்லாந்தின் ரீஹிமாகி ஊரில் இருக்கும் சாக்கோ ஆலையில் செய்தது. மூன்றாவது, மலிவு விலை ரைஃபிள் ஒன்று. அதைக் குறை சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம், 'மூன்றாவது' என்றே வைத்துக்கொள்வோம். மூன்றும் பல சீசன்களாக மழையையும் பனியையும் பார்த்தவை. நான் போவது பென்சில்வேனியாவின் வடக்கே பாட்டர் கவுண்டிப் பக்கம், அடர்ந்த காடு. வெண்வால் மான்தான் வேட்டை. நூறு கஜத்துக்கு அப்பால் சுடும் வாய்ப்பு அங்கே அதிகம் கிடைக்காது. ஊரிலிருந்து வாசிப்பவர்கள் புருவம் உயர்த்த வேண்டாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு கதை முடிந்தது. இங்கே வேட்டையைக் கவனிக்கும் மாநில கேம் கமிஷன் உரிமம் கொடுத்து, பெண் மானுக்குப் பகுதிவாரியாக எண்ணிக்கை வகுத்து நடத்துகிறது. காட்டில் ஆரஞ்சு நிற மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

பழசா புதுசா என்ற சண்டைக்கு அமெரிக்காவில் ஒரு பிறந்த வருடம் உண்டு: 1964. மாடல் 70 வந்தது 1936-இல். அதன் போல்ட் அமைப்பின் வேர் ஜெர்மனியின் 1898 மௌசரில் இருக்கிறது. போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு எஃகு நகம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்ளும், வெற்றுக்கூடு வெளியே விழும்வரை விடாது. போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரை எஃகுத் துண்டில் அடித்து உருவாக்கி, மெஷினில் ஏகப்பட்ட கட்டங்களில் கடைந்து, கடைசியில் கைப்பட ராவிப் பொருத்துவார்கள். போருக்குப் பிறகு கூலி ஏறியது. போட்டியாளரான ரெமிங்டன் 1948-லேயே உருளையான ரிசீவரோடு 721 என்ற மலிவான மாடலைக் கொண்டுவந்து, 1962-இல் அதையே மெருகேற்றி 700 என்று விட்டது. வின்செஸ்டருக்கு அந்த விலைக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. 1964-இல் நகம் போய், போல்ட்டின் முகத்துக்குள் கூட்டை இழுக்கும் சின்ன எக்ஸ்ட்ராக்டர் வந்தது. கட்டையில் கையால் வெட்டிய குறுக்குக்கோடுகள் போய், அழுத்திப் பதித்த அலங்காரம் வந்தது. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே கண்ணை உறுத்தும் ஓர் இடைவெளியும் தெரிந்தது. வாங்குபவர்கள் கொதித்துப்போனார்கள். வரிசை எண் 700000-க்குக் கீழே இருக்கும் ரைஃபிள்களின் விலை அன்று ஏறத் தொடங்கியது. இன்றும் 'ப்ரீ 64', அதாவது 64-க்கு முந்தியது, என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

இதில் எனக்குச் சுவாரசியமான விஷயம் வேறு. 1964-க்குப் பிந்திய மாடல் 70 மோசமாகச் சுடவில்லை. அதன் பேரல் சுத்தியல் அடியில் உருவாகும் புது முறையில் செய்தது. போல்ட்டின் முகம் தோட்டாவின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் மூடிக்கொள்வதால், கூடு கிழிந்து வாயு பின்னால் பீறிட்டால் பழசைவிட அதுவே பாதுகாப்பு என்று பொறியியல் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஜனங்கள் கோபப்பட்டது கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்த சிக்கனத்தைப் பார்த்து. 'தரம்' என்று நாம் சொல்வதில் பாதி அந்த விரல் உணர்வுதான் என்று நினைக்கிறேன். அதை அற்பம் என்று ஒதுக்கவும் மாட்டேன். வருடம் முழுக்கக் கையில் வைத்துப் பழகுகிற பொருளில் விரல் உணர்வும் ஒரு பயன்தான்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். போல்ட்டிலிருந்து தொடங்கலாம். பழையதுதான் வழுவழுவென்று ஓடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: வழுவழுப்பில் டிக்கா ஜெயிக்கும், அதுவும் பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாளே. கணினி கட்டுப்பாட்டு மெஷின்கள் அந்த அளவு இழைக்கின்றன. போல்ட்டைத் தூக்கும் கோணம் டிக்காவில் எழுபது டிகிரி, மாடல் 70-இல் தொண்ணூறு. கையுறையோடு குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்புக்கு அடியில் விரல் நுழைக்கும்போது அந்த இருபது டிகிரி தெரியும். மூன்றாவது மட்டும் இழுக்கும்போது பெட்டியின் ஜிப்பைத் திறப்பதுபோல் கரகரவென்று சத்தம் போடும். பல சீசன் புழங்கிய பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஆனால் தோட்டா ஏறும் விதத்தில் பழசுக்கு ஒரு நிதானம் உண்டு. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி, திரும்ப இழுத்து, மறுபடி தள்ளினால், நகம் இல்லாத ரைஃபிளில் முதல் தோட்டா பேரலின் பின்முனை அறையான சேம்பரில் கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் போய் முட்டும். நகம் இருந்தால் முதல் தோட்டா போல்ட்டோடேயே திரும்பி வந்துவிடும். ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்குப் போகிறவர்கள் இதற்காகத்தான் இன்றும் மௌசர் முறையை விரும்புகிறார்கள். பென்சில்வேனியா மானுக்கு இது உயிர்ப் பிரச்சினை இல்லை. எனக்குப் பிடித்த சின்ன விஷயம் இன்னொன்று: மாடல் 70-இல் போல்ட்டை மெதுவாக இழுத்தால் வெற்றுக்கூடு உள்ளங்கையில் வந்து விழும், வேகமாக இழுத்தால் தூரப் பறக்கும். தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்கிறவர்களுக்கு, ஈர இலைக்குப்பையில் பித்தளையைத் தேடும் வேலை மிச்சம். டிக்காவில் சுருள்வில் வைத்த ஊசி எப்படி இழுத்தாலும் தெறிக்கவிடும்.

பாதுகாப்புப் பூட்டைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, பழையதுதான். மாடல் 70-இல் அது மூன்று நிலை. தோட்டாவின் அடியில் அடிக்கும் ஊசியையே நேரடியாகப் பிடித்து நிறுத்தும். நடுநிலையில் வைத்தால், பூட்டு விலகாமலேயே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். டிக்காவில் இரண்டே நிலை. சேம்பரில் இருக்கும் தோட்டாவை எடுக்கப் பூட்டை விலக்கித்தான் ஆக வேண்டும். இருட்டியபின் விறைத்த விரலோடு காருக்குத் திரும்பும்போது இந்த வித்தியாசம் பெரிசு. அதற்காகப் பழசெல்லாம் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. ரெமிங்டன் 700-இன் பழைய ட்ரிகர் தொடாமலேயே சுட்டுவிடுகிறது என்று பல பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. கடைசியில் ட்ரிகரை இலவசமாக மாற்றித்தரும் சமரசத்தில் முடிந்தது. அதற்கு மாற்றாக வந்த புதிய ட்ரிகரையும் 2014-இல் அந்த நிறுவனமே திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வேண்டி வந்தது. வருடத்தைப் பார்த்து நம்பிக்கை வைக்க இடமில்லை.

இப்போது குறி. ஒப்பிடுகிறோம் என்று சொல்கிறவர்களில் பலர் பழைய ரைஃபிளைப் பழைய ஸ்கோப்போடும் பரணில் கிடந்த தோட்டாவோடும் சுடுகிறார்கள். புதியதை இன்றைய ஸ்கோப்போடும் இன்றைய தோட்டாவோடும் சுடுகிறார்கள். அது ரைஃபிள்களின் ஒப்பீடே இல்லை. கடந்த எழுபது வருடங்களில் அதிகம் முன்னேறியது குண்டும் கண்ணாடியும். நான் மூன்றுக்கும் ஒரே வகை ஸ்கோப், இன்றைய நல்ல தோட்டா, மணல்மூட்டை மேசை என்று வைத்து, நூறு கஜத்தில், குரூப்புக்கு, அதாவது ஒரே குறியில் விழும் துளைக்கூட்டத்துக்கு, ஐந்து தோட்டா வீதம் சுட்டு, துளைகள் பரவிய அகலத்தைப் பார்த்தேன். மூன்று தோட்டா குரூப்பை நான் நம்புவதில்லை. மூன்று துளை அதிர்ஷ்டத்தில் ஒன்றாகச் சேரும், ஐந்தாவது உண்மையைச் சொல்லிவிடும். டிக்கா ஓர் அங்குலத்தை ஒட்டி நிற்கிறது, தோட்டா பிராண்டை மாற்றினாலும் பெரிதாகக் கோணுவதில்லை. மாடல் 70 ஒன்றரை அங்குலத்தில் இருக்கிறது, பிடித்த தோட்டா கிடைத்தால் இன்னும் நெருங்கும். பிடிக்காத தோட்டா என்றால் முரண்டு பிடிக்கும். மூன்றாவது, சொன்னால் நம்பமாட்டீர்கள், தன் நல்ல நாளில் பழையதை முந்துகிறது.

புதியவற்றின் பெரிய சாதனையாக எனக்குப் படுவது இந்தச் சீர்மைதான். நியூ ஹேவனின் கைத்தேர்ந்த தொழிலாளி செய்த சிறந்த பேரல் இன்றைய பேரலுக்குச் சளைத்ததில்லை. ஆனால் அதே ஆலையில் அதே மாதம் செய்த இன்னொன்று சுமாராக இருக்கலாம். இன்று வரிகளின் எதிர்அச்சு கொண்ட எஃகுத் தண்டு ஒன்றை உள்ளே விட்டு, வெளியிலிருந்து மெஷின் சுத்தியலால் அடித்து, உள்வரிப் பள்ளங்களை ஒரே அச்சாக எடுக்கிறார்கள். ஆயிரமாவது பேரலும் முதலாவது மாதிரி இருக்கும். டிக்கா மூன்று தோட்டாவுக்கு ஒரு எம்ஓஏ என்று உத்தரவாதமே கொடுக்கிறது. அதாவது நூறு மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குள். என் பழைய ரைஃபிளை வாங்கியவருக்கு 1950-களில் யாரும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு அங்குலம் என்றாலே அன்று நல்ல ரைஃபிள்.

மிச்சம் பிடித்த காசு எங்கே போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கட்டையையும் மேகசினையும் பார்க்க வேண்டும். மூன்றாவதின் பிளாஸ்டிக் கட்டை முன்பக்கம் வளைகிறது. மேசையில் வைத்துச் சுடும்போது பேரலைத் தொடாது. மரத்தில் சாய்த்து, தோள்வாரை இறுக்கிப் பிடித்தால் தொடும், குண்டு விலகும். கடையிலேயே சோதிக்க ஒரு டாலர் நோட்டு போதும்: அதைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, முன்கட்டையை அழுத்திக்கொண்டே இழுத்துப் பாருங்கள், சிக்கினால் யோசியுங்கள். அதன் மேகசினின் தாழ் ஒரு குளிர்காலத்தில் உடைந்தது. புது மேகசின் வருவதற்குள் சீசனின் பாதி முடிந்துவிட்டது. அப்புறம் வேறு நிறுவனத்தின் கட்டை ஒன்றை வாங்கி மாட்டினேன். ரைஃபிளின் விலையில் கிட்டத்தட்ட பாதி அதற்கே போயிற்று. இப்போது நன்றாகச் சுடுகிறது. ஆனால் மலிவு என்று சொல்லும் யோக்கியதை அதற்குப் போய்விட்டது.

டிக்காவும் பிளாஸ்டிக் மேகசின்தான், பிளாஸ்டிக் ட்ரிகர் கூடுதான். என்னிடம் எதுவும் உடைந்ததில்லை. 2003-இல் வந்த முதல் டி3-இல் பின்னுதைப்பைத் தாங்கும் துண்டு அலுமினியம், போல்ட்டின் வால்மூடி பிளாஸ்டிக். வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் வந்த டி3எக்ஸில் முன்னது எஃகாகவும் பின்னது உலோகமாகவும் மாறியது. புது நிறுவனங்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இது ஒரு பதில். பொற்காலத்து ரைஃபிளிலும் சிக்கனம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1952-இல் வந்த மாடல் 70 ஃபெதர்வெயிட்டில் ட்ரிகர் கூடும் மேகசினின் அடித்தகடும் அலுமினியம். 'எடை குறைப்பு' என்று பெயர் வைத்ததால் யாரும் கோபப்படவில்லை!

ஈரத்தில் பழையதை வெளியே எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. வால்நட் மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், பேரலை ஒரு பக்கமாக அழுத்தும், அக்டோபரில் சரிபார்த்த குறி டிசம்பரில் இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருக்கும். நீலம் பூசிய எஃகை அன்று இரவே துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் செம்புள்ளி தெரியும். டிக்காவைத் துடைக்காமல் மூலையில் சாத்திவிட்டுத் தூங்கலாம். நான் தூங்கியிருக்கிறேன். ஆனால் கடுங்குளிரில் பழைய ட்ரிகரின் எளிமை கைகொடுக்கும். இரண்டு மூன்று துண்டுகள், திறந்த அமைப்பு, தூசியோ பனித்துகளோ தங்காது. இன்றைய மூடிய ட்ரிகர்களுக்குள் கெட்டி எண்ணெய் விட்டால் உறைந்துபோகும் அபாயம் உண்டு. அதனால் டிக்காவின் ட்ரிகருக்கு நான் எண்ணெயே காட்டுவதில்லை.

இன்னொரு நியாயமும் பேச வேண்டும். இன்று நம் கைக்கு வருகிற பழைய ரைஃபிள் எல்லாம் பிழைத்து வந்தவை. வெடித்ததும் வளைந்ததும் துருவேறியதும் குப்பைக்குப் போய்விட்டன. அதோடு 1950-களின் மாடல் 70 அன்றைக்கே விலையுள்ள பொருள். அதை இன்றைய ஐந்நூறு டாலர் ரைஃபிளோடு நிறுத்துவது அநியாயம். அதற்குச் சமமான இன்றைய பொருள் இன்றைய மாடல் 70-தான். நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடிய பிறகு, 2008-இல் தென் கரோலினாவில் எஃப்என் நிறுவனம் அதை நகத்தோடும் மூன்று நிலைப் பூட்டோடும் மறுபடி செய்யத் தொடங்கியது. இப்போது போர்ச்சுகலில் பாகங்களைப் பொருத்திச் சேர்க்கிறார்கள். போர்ச்சுகல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் எடுத்து, போல்ட்டை ஓட்டி, மரமும் உலோகமும் சேரும் கோட்டைப் பார்த்தவரைக்கும், என் 1950-களின் ரைஃபிளைவிட அது மட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விலைதான் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். அடுத்து பேரலின் உள்ளே வெளிச்சம் விட்டு, சேம்பருக்கு முன்னால் இருக்கும் பகுதியைப் பாருங்கள். 1950-களின் தொடக்கம்வரை ராணுவ உபரித் தோட்டாக்களில், மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் துருவேற்றும் வகையாக இருந்தது. .30-06-இல் அவற்றைச் சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்திருந்தால் பேரல் அம்மைத்தழும்பாக இருக்கும். சேகரிப்பாளர்கள் தேடுவது அரிய அளவுகளையும் கைபடாத பூச்சையும். நீங்கள் தேட வேண்டியது அவர்கள் ஒதுக்கியதை. யாரோ பின்னாளில் ரப்பர் அடிக்கட்டை மாட்டியது, ஸ்கோப்புக்காகக் கூடுதல் துளை போட்டது, மறுபடி நீலம் பூசியது, அதுவும் மாடல் 70-இல் அதிகம் வந்த .30-06. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவருக்கு அது உதவாது, அதனால் விலை இறங்கியிருக்கும். மானுக்கு அந்தக் கூடுதல் துளை தெரியப்போவதில்லை. பணம் கொடுக்கும் முன் ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, மட்டும் அளந்து வாங்கிக்கொள்ளுங்கள்.