முட்டையைக் காட்டி விற்கப்படும் ஏஞ்சல் ஜோடி: வாங்குவதற்கு முன் படியுங்கள்

வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் குஞ்சு எடுக்க ஆசைப்பட்டு, முட்டை வைத்த ஜோடியாகப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு கடையில் 2,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஜோடியில் ஆணே இல்லை. இரண்டும் பெண்.

கடையில் அவற்றைத் தனித் தொட்டியில் விட்டிருந்தார்கள். சாய்த்து வைத்த பிவிசி குழாயில் வரிசை வரிசையாக முட்டைகள். இரண்டு மீன்களும் மாறி மாறி அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தன. வேறு யார் அருகில் போனாலும் கண்ணாடியில் வந்து மோதின. “கண்ணெதிரே முட்டை இருக்கிறது சார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?” என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். மீனுக்கு யாரும் பில் போடுவதில்லை என்று சொல்லி, முகவரி அட்டையின் பின்புறம் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பழகியதும் அவை முட்டையிட்டன. மறுநாளே அத்தனையும் வெளுத்துப் பஞ்சு பிடித்தன. அடுத்த முறையும் அப்படியே, அதற்கடுத்த முறையும் அப்படியே. ஒவ்வொரு முறை நான் கடைக்குத் தொலைபேசியில் பேசியபோதும் ஒரு காரணமும் அதோடு வாங்க ஒரு பொருளும் தயாராக இருந்தன. தண்ணீரில் உப்பு அதிகம், ஆர்ஓ தண்ணீருக்கு மாறுங்கள். பூஞ்சைக்கு மெத்திலீன் புளூ. ஹீட்டர் சரியில்லை, இந்த நிறுவனத்துடையதை வாங்குங்கள். புது இடம் என்பதால் பயத்தில் கெடுத்துவிடுகின்றன, பொறுங்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் அதே போர்வெல் தண்ணீரில் என் நண்பர் வீட்டு ஏஞ்சல்கள் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தன என்பதையும் அவரிடம் சொன்னேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

நண்பர்தான் ஒரு மாலை வந்து, அவை முட்டையிடத் தயாராகும் நேரத்தில் கைவிளக்கை அடித்துப் பார்க்கச் சொன்னார். ஏஞ்சலில் நிறத்தையோ உடல் வடிவத்தையோ வைத்து ஆண் பெண் சொல்வது நம்பத்தக்கதல்ல. முட்டையிடும் சமயத்தில் வயிற்றின் அடியில், குதத் துடுப்புக்குச் சற்று முன்னால், ஒரு சிறு குழல் வெளியே நீளும். ஆணுக்கு அது மெலிந்து கூராக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து, நுனி மழுங்கியிருக்கும். என் மீன்கள் இரண்டுக்கும் ஒரே போலத் தடித்த, மழுங்கிய குழல். கொஞ்ச நேரத்தில் ஒன்று குழாயை உரசி மேலேறி முட்டை ஒட்டியது. அது விலகியதும் மற்றது வந்து, பக்கத்திலேயே அதுவும் முட்டை ஒட்டியது. ஆண் இருந்திருந்தால் அந்த வரிசையின் மேலேயே ஊர்ந்து விந்தைத் தெளித்திருக்கும். ஆண் கிடைக்காத பெண் ஏஞ்சல்கள் இரண்டு தமக்குள் இணை சேர்ந்து, இடம் சுத்தம் செய்து, முட்டையிட்டுக் காவலும் காக்கும். பார்க்கிறவருக்கு அசல் ஜோடி போலவே தெரியும்.

சந்தேகம் தீர, குஞ்சு எடுத்துப் பழகிய ஓர் ஆணை நண்பர் கொடுத்து உதவினார். என் பெண்களில் ஒன்றோடு அது சேர்ந்தது. அதே தொட்டி, அதே தண்ணீர், அதே பழைய ஹீட்டர். முட்டைகள் வெளுக்காமல் தேன் நிறத்திலேயே நின்றன. மூன்றாம் நாள் குழாயில் ஒட்டியபடியே குஞ்சுகளின் வால்கள் துடித்தன.

இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். “முட்டை வைக்கும் ஜோடி என்றுதான் சொன்னேன், பொரிக்கும் என்று எப்போது சொன்னேன்?” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெரியாமல் விற்றவர் அப்படிச் சொற்களைப் பிரித்துப் பேச மாட்டார். அதே கடையில், உடலில் ஊசியால் சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்களை இயற்கை நிறம் என்று சொல்லிக் குழந்தைகளுக்கு விற்றதையும் அன்று பார்த்தேன். அந்தச் சாயம் நாளடைவில் மங்கிவிடும். ஊசி குத்திய புண் வழியாக நோய் தொற்றும். மீனுக்கு இதைவிடக் கொடுமை வேண்டியதில்லை.

கொளத்தூர் போன்ற இடங்களில் குடும்பமாக வண்ண மீன் வளர்த்துப் பிழைப்பவர்களில் எத்தனையோ நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் அந்த ஜோடியின் குஞ்சுகளையே காட்டுவார்கள். நீங்களும் அதையே கேளுங்கள். முட்டை இருந்தால், மூன்று நாள் கழித்து வந்து வால் துடிப்பதைப் பார்த்துப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். தயங்குகிற கடையை விட்டு வந்துவிடுங்கள். அவசரமில்லை என்றால் ஆறு சிறு குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளர்ப்பதே மேல். பெரிதாகும்போது அவையே இணை தேடிப் பிரிந்து நிற்கும், செலவும் குறைவு.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். தர மறுத்தால், ‘ஆண் பெண் ஜோடி’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிட்டு, பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பணம் அனுப்பிய பதிவையும், இரண்டு மீன்களும் முட்டை ஒட்டுவதை எடுத்த காணொளியையும் வைத்து நான் புகார் கொடுத்துவிட்டேன்.