பாகமா, மீட்டரா?

பாம்பன் பக்கம் கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், பெரியவர்கள் "நாலு பாகம்" என்பார்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இழுத்து, இரு கைகளையும் விரித்து விரித்து எண்ணுவதுதான் கணக்கு; ஒரு விரிப்பு ஒரு பாகம். கருவி வேண்டாம், இருட்டிலும் அளக்கலாம். ஆனால் யாருடைய கை? குட்டையானவரின் பாகம் 160 சென்டிமீட்டர், நெட்டையானவருடையது 180 என்றால் நாலு பாகத்தில் 80 சென்டிமீட்டர் இடிக்கும். படகு தரைதட்ட அது போதாதா?

மீட்டரில் இந்தத் தகராறு இல்லை. கிலோ ஆயிரம் மடங்கு, மில்லி ஆயிரத்தில் ஒன்று. வலைக்கண் 40 மில்லிமீட்டர் என்றால் 0.04 மீட்டர், புள்ளியை நகர்த்தினால் சரி. குறியீட்டில்தான் கவனம் தேவை: சின்ன எம் (m) மில்லி, பெரிய எம் (M) மெகா, அதாவது பத்து லட்சம் மடங்கு. நடுவே நூறு கோடி மடங்கு!

கயிறு விடும்போது எனக்கு இன்னும் பாகம்தான். வலை வாங்கப் போனால் மில்லிமீட்டர்.