முன்பணமும் மாதக் கடிதமும்: ஏற்காட்டுக் காப்பி விளையாட்டு ஒன்றின் மதிப்புரை

சேலம் அழகாபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் அக்காவும் தம்பியுமாக நடத்திவரும் சிறு பலகை விளையாட்டு வெளியீட்டகம் ஒன்று, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைக் களமாகக் கொண்ட தன் முதல் விளையாட்டை 2025 நவம்பரில் ஆதரவாளர்களின் கையில் சேர்த்தது. அந்த ஆண்டுப் பொங்கலை ஒட்டி அதற்கு முன்பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். பணம் கட்டியதற்கும் பெட்டி வீட்டுக்கு வந்ததற்கும் இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. விளையாட்டைப் பற்றிய என் கருத்து அதற்குப் பின்னால் வரும். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சேலத்தில் இவ்வகை விளையாட்டுகளில் நாட்டமுள்ளவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இராது.

இந்த விற்பனை முறையைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். கேரம் பலகையும் பிசினஸும் பாம்பு ஏணியும் கடைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்து வாங்கும் பொருள்கள். சிறு வெளியீட்டாளர்களின் விளையாட்டுகளோ பெரும்பாலும் அச்சாவதற்கு முன்பே விலைபோகின்றன. வெளிநாடுகளில் 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்கள் இதற்கு உதவுகின்றன. அங்கே அதிகப் பணம் திரளும் பிரிவுகளில் விளையாட்டுகள் முன்வரிசையில் நிற்கின்றன. இந்தியாவில் இருப்பவர் அத்தளத்தில் நேரடியாகத் தன் திட்டத்தைத் தொடங்க இயலாது என்பதால், இவர்கள் தாங்களே ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்து, ஒரு பெட்டிக்கு 1,800 ரூபாய் வீதம் யுபிஐ வழியாக வாங்கிக்கொண்டார்கள். இடையில் நின்று கேட்க நடுவர் யாரும் இல்லை. எனவே ஆதரவாளருக்கு இருந்த ஒரே பிடிமானம், மாதந்தோறும் எழுதுவோம் என்று அவர்கள் கொடுத்த வாக்குதான்.

அந்த வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒன்றரைப் பக்க அளவில் ஒரு கடிதம் வந்தது. அதன் முதல் பத்தி எப்போதும் ஒரே வேலையைச் செய்தது: சென்ற கடிதத்தில் எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதினார்களோ அதை அப்படியே மீண்டும் எடுத்து எழுதி, முடிந்ததா இல்லையா என்று சொன்னது. இது சிறிய ஏற்பாடுதான் என்றாலும், தன் பழைய வாக்கைத் தானே எடுத்து முன்னால் வைக்கும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பணம் எதற்குச் செலவானது, அடுத்த வேலை யாருடைய கையில் இருக்கிறது, அவர் தாமதித்தால் எது தள்ளிப்போகும் என்பவை வரும். படங்கள் குறைவு, வாழ்த்துரைகள் அதைவிடக் குறைவு.

மே மாதக் கடிதம் இதற்கு நல்ல சான்று. சிவகாசி அச்சகத்திலிருந்து வந்த மாதிரி அட்டைகளில் இரண்டை அருகருகே வைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். முதல் அட்டையில் சில்வர் ஓக் மரங்களின் கரும்பச்சை, மேட் லேமினேஷன் என்ற பளபளப்பில்லாத பிளாஸ்டிக் பூச்சு ஏறியதும் ஏறத்தாழக் கறுப்பாகிவிட்டிருந்தது. இலைக்கும் தண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவது அட்டை இன்னும் மோசம்: ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையை ஏற்காட்டில் ஓரிரவு திறந்த அறையில் வைத்திருந்ததில், அது வாழை மட்டைபோல் வளைந்திருந்தது. பூச்சு இல்லாத பக்கம் மூடுபனியின் ஈரத்தைக் குடித்து விரிகிறது, பூச்சுள்ள பக்கம் விரிவதில்லை, அதனால் அட்டை வளைகிறது என்று காரணத்தையும் இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் விளையாடப்பட வேண்டிய விளையாட்டு சேலத்து வெயிலில் மட்டும் தட்டையாக இருந்து என்ன பயன்? இருபுறமும் லேமினேஷன், வண்ணத்தில் பச்சையை ஒரு படி வெளிறச் செய்தல், புதிய மாதிரி வாங்குதல் என்று மூன்று முடிவுகளையும், அவற்றால் ஜூன் மாத அச்சு வாய்ப்பு கைவிட்டுப் போகிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

கைவிட்டுப் போனது எளிதில் திரும்பக் கிடைக்கவில்லை. ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியானதும் ஆணைகள் குவியத் தொடங்கிவிடும். அதன் பிறகு டிசம்பர் வரை அங்குள்ள ஆஃப்செட் அச்சகங்கள் காலண்டரைத் தவிர வேறெதையும் எளிதில் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சில நூறு பெட்டி அச்சிடும் இவர்களுக்காக யாரும் இயந்திரத்தை நிறுத்திவைக்கப்போவதில்லை. ஜூலையில் பெட்டி வரும் என்று தொடக்கத்தில் சொன்ன கணக்கு இப்படித்தான் உடைந்தது. ஜூலைக் கடிதத்தில் இதை விளக்கிவிட்டு, காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் ஆகஸ்ட் 31-க்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்று அறிவித்தார்கள். நான் கேட்கவில்லை. தாமதத்துக்கான காரணம் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது அவநம்பிக்கை கொள்ளத் தோன்றவில்லை.

அதே நம்பிக்கையைத்தான் ஆகஸ்ட் கடிதம் சோதித்தது. அதில் ஆடிப்பெருக்கு வாழ்த்து இருந்தது, ஓவியரின் புதிய படங்கள் இருந்தன, சேர்வராயன் கோயிலுக்குப் போய்வந்த குறிப்பும் இருந்தது. முதல் பத்தியில் வழக்கமாக வரும் பழைய தேதிக் கணக்கு மட்டும் இல்லை. என்ன நடந்தது என்பது செப்டம்பர் கடிதத்தில்தான் தெரிந்தது. காப்பிப் பழங்களாகப் பயன்படும் சிவப்பு மரக் குண்டுகளை இவர்கள் கர்நாடகத்தின் சென்னப்பட்டணாவில் செய்யக் கொடுத்திருந்தார்கள். வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, சுழற்சிச் சூட்டிலேயே வண்ண அரக்கை ஏற்றி, தாழை ஓலையால் மெருகேற்றும் அந்த ஊர்த் தொழில் புகழ்பெற்றது. வேலைத்தரத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் ஜூலை இறுதியில் வந்த குண்டுகள் பலகையில் உள்ள குழிகளைவிடப் பெரியவை. அளவு குறித்த தாளில் இவர்கள் பக்கமே பிழை நேர்ந்திருந்தது. முழுத் தொகுதியையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று, அதற்கான செலவும் இவர்கள் தலையில் விழுந்தது.

பிழையைக் குறை கூறமாட்டேன். முதல் பெட்டியைச் செய்பவர்களுக்கு அது நேரக்கூடியதே. என் புகார் நாள்கணக்கைப் பற்றியது. செய்தி ஜூலை இறுதியில் அவர்களுக்குத் தெரியும். பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு ஆகஸ்ட் இறுதியில் முடிந்தது. எங்களுக்குச் செய்தி வந்ததோ செப்டம்பர் முதல் வாரத்தில். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்ததாக விளக்கினார்கள். அந்த எண்ணத்தில் கெட்ட நோக்கம் இருந்ததாக நான் கருதவில்லை. ஆயினும் ஆதரவாளர் ஒரு முடிவெடுக்க வேண்டிய வேளையில் அந்த முடிவுக்குத் தேவையான தகவல் அவரிடம் இல்லையென்றால், மற்ற மாதங்களில் எழுதிய அத்தனை கடிதங்களும் அந்த ஒரு மாதத்துக்கு ஈடாகா. சிலர் வலியுறுத்திய பிறகு கெடுவை மேலும் பத்து நாள் நீட்டித்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் வந்த சிறப்புக் கடிதம் இழந்த மதிப்பைப் பெருமளவு மீட்டுத் தந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பலகை விளையாட்டுகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளுக்கு வாங்கும் முன்பணத்தின் மீது அந்த நேரத்தில் வரி கட்ட வேண்டியதில்லை, விற்பனைப் பில் போடும்போதுதான் கட்ட வேண்டும். ஆகவே நாங்கள் ஜனவரியில் 12 சதவீதக் கணக்கில் கட்டிய 1,800 ரூபாயில், பெட்டி அனுப்பும் நாளில் 1,687 ரூபாய் 50 காசு மட்டுமே அவர்களுக்குச் சேர வேண்டியது. மிச்சம் 112 ரூபாய் 50 காசு. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்களில் ஒருவர்கூட இதைக் கேட்டிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன். கணக்கை வரிவரியாகப் போட்டுக் காட்டி, தொகையைத் திரும்பப் பெறுகிறீர்களா, அல்லது பெட்டிக்குள் துண்டுகளை அடுக்கிவைக்கும் மரத்தட்டுக்காக விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார்கள். நான் தட்டைத் தேர்ந்தெடுத்தேன். வேண்டாம் என்ற நண்பருக்குப் பணம் மறுநாளே வந்தது.

இன்னொரு முடிவையும் இங்கே பாராட்ட வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசு செய்பவர்களைக் கொண்டு விளையாட்டின் காசுகளை வெள்ளியிலேயே அடித்து, கூடுதல் விலைக்குத் தரலாமே என்று ஆதரவாளர்கள் சிலர் ஆர்வத்தோடு கேட்டிருந்தார்கள். விசாரித்து, விலையை எழுதி, 2025-ல் வெள்ளி ஏறிய வேகத்தில் இன்று சொல்லும் விலை அடுத்த மாதம் நிற்காது, ஆகவே இந்தச் சுமையை ஏற்கமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அட்டைக் காசுகளே போதுமானவையாக இருக்கின்றன.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். பெட்டியின் மேல் 75 நிமிடம் என்று போட்டிருக்கிறது. புதியவர்களோடு ஆடினால் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொருவருக்கும் மலைச்சரிவில் ஒரு தோட்டம். மாசி, பங்குனியில் பைக்குள் கைவிட்டு மழைத் துண்டுகளை எடுக்க வேண்டும். பூ மலர ஒரு மழையும், மலர்ந்த பூ காயாக நிலைக்கச் சில வாரம் கழித்து இன்னொரு மழையும் தேவை. முதல் மழை வந்து இரண்டாவது பொய்த்தால் அந்த ஆண்டு விளைச்சல் பாதி. அறுவடையில் பழுத்ததை மட்டும் பலமுறை பறிப்பதா, கூலியை மிச்சப்படுத்த ஒரே முறையில் கிளையை உருவிவிடுவதா என்ற தெரிவும், பறித்ததைத் தோல் நீக்கிக் கழுவி உலர்த்துவதா, பழமாகவே களத்தில் காயவைப்பதா என்ற தெரிவும் ஆட்டத்தின் உயிர். கழுவிய கொட்டைக்கு விலை அதிகம், ஆனால் தண்ணீர்த் துண்டுகள் வேண்டும். அவை எல்லாருக்கும் பொதுவான ஓர் ஓடையிலிருந்து எடுக்கப்படுவதால் அங்கேதான் சண்டை தொடங்குகிறது.

நிழல் மரங்களைக் கழிக்கும் விதி ஆட்டத்தின் சிறந்த பகுதி, அது கடிதங்களோடு தொடர்புடையதும்கூட. முதல் வரைவில் அந்த விதியே கிடையாது. ஏப்ரலில் ஏற்காட்டில் நடந்த சோதனை ஆட்டம் ஒன்றில், தோட்டத்தில் நெடுங்காலம் மேஸ்திரியாக வேலை பார்த்த ஒருவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, மழைக்காலத்துக்கு முன் கல்யாண முருங்கையின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடாமல் இந்தத் தோட்டம் எப்படிக் காய்க்கிறது என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை எழுதி, அதற்காக மாற்றிய விதியின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே அச்சிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று எங்களைக் கேட்டிருந்தார்கள். இப்போது நிழலைக் குறைத்தால் விளைச்சல் கூடுகிறது, ஆனால் கோடையில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தாக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆடிப் பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் கை தயங்கும் இடம் இதுதான்.

தமிழ் விதிப்புத்தகம் நன்றாக இருக்கிறது. அட்டைகள் மலையிலும் வளையவில்லை. மரக் குண்டுகள் இப்போது குழியில் கச்சிதமாக உட்காருகின்றன.

ஆனால் பலகை வளைகிறது. ஒவ்வொரு தோட்டப் பலகையும் கிரே போர்டு எனப்படும் 2 மில்லிமீட்டர் கெட்டி அட்டையின் மேல் அச்சுத்தாளை ஒட்டிச் செய்தது. பின்பக்கத்தில் தாள் ஒட்டவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதும், அதைச் சமன்செய்யப் பின்னால் இன்னொரு தாள் வேண்டும் என்பதும் புத்தகக் கட்டமைப்பாளர் எவருக்கும் தெரிந்த சங்கதி. அட்டைக்கு ஒரு கடிதம் முழுக்க ஒதுக்கியவர்கள் பலகையை ஏற்காட்டில் ஓரிரவு வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. என் பெட்டியில் நான்கு பலகைகளில் இரண்டு மேசையில் தட்டையாக அமராமல் ஓரம் தூக்கி நிற்கின்றன. நடுவில் வைத்த குண்டு தானாக உருண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. படத்தோடு எழுதிக் கேட்டபோது, அக்கா அன்று மாலையே, பின்தாள் ஒட்டிய பலகைகளைத் தைக்குப் பிறகு, காலண்டர் வேலை ஓய்ந்ததும் அச்சிட்டு எல்லாருக்கும் இலவசமாக அனுப்புவோம் என்று பதில் எழுதினார். டிசம்பர் கடிதத்தின் முதல் பத்தியிலும் அது இடம்பெற்றிருந்தது, அச்சகத்தின் தேதியோடு.

கடை விலை 2,100 ரூபாய். காப்பித் தோட்டத்தைப் பற்றி ஏதும் தெரியாதவரும் ரசித்து ஆடக்கூடிய விளையாட்டு இது; பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு சற்று அதிகம். அவசரமில்லாதவர்கள் புதிய பலகை அச்சாகி வரும்வரை பொறுத்து வாங்கலாம். இவர்களின் இரண்டாவது விளையாட்டுக்கு முன்பணம் கேட்டால் நான் கட்டுவேன், ஆனால் பணம் திரும்பக் கேட்கும் கெடுவுக்கு முந்தைய வாரத்தில் கட்டாயம் ஒரு கடிதம் வரும் என்று படிவத்திலேயே எழுதித் தரும்படி கேட்டுவிட்டுத்தான்.