கதிர் பொறுக்கும் பெண்களுக்குச் சட்டம் போட்ட கடை

புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய குறுந்தெரு ஒன்றில், ஓவியங்களைக் கேன்வாஸ் துணியில் அச்சிட்டு மரச்சட்டம் போட்டுத் தரும் கடையில், பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ படத்தைச் செய்யக் கொடுத்தேன். மூல ஓவியம் 83.5 செ.மீ. உயரமும் 110 செ.மீ. அகலமும் கொண்டது, 18க்கு 24 அங்குலத்தில் அச்சிட்டால் அநேகமாக எதையும் வெட்ட வேண்டியிராது என்று கணக்கிட்டே அந்த அளவைக் கேட்டிருந்தேன்.

ஆனால் முதலில் கைக்கு வந்தது, கடையில் தயாராக இருந்த அகலம் குறைந்த சட்டத்துக்காக வலப்பக்கம் வெட்டப்பட்ட படம். “மூணு பொம்பளைங்களும் இருக்காங்களே சார்” என்றார் கடைக்காரர். இல்லாமல் போனவர், தொலைவில் குதிரைமேல் அமர்ந்து அறுவடையை மேற்பார்க்கும் கண்காணி. அவரும், பின்னால் உயர்ந்து நிற்கும் போர்களும், கட்டு ஏற்றும் வண்டியும் பொன்வெயிலில் இருக்க, முன்னால் இருவர் முற்றும் குனிந்தும் ஒருத்தி பாதி நிமிர்ந்தும், அறுத்து முடித்த தரையில் சிந்திய கதிரைத் தேடுகிறார்கள். விளைந்தது யார் வீட்டுக்குப் போகிறது என்பதை அந்தத் தொலைவுதான் சொல்கிறது. நார்மண்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்த மில்லே அதை அழகுக்காக வைத்திருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இதைப் படத்தைக் காட்டியே விளக்கியதும், கடைக்காரர் தட்டிக்கழிக்காமல், கூடுதல் கட்டணம் வாங்காமல் நான்கே நாளில் மறுபடி அச்சிட்டுத் தந்தார். இரண்டாவது படம் மிக நன்றாக வந்திருக்கிறது. தலைத்துணிகளின் நீலமும் சிவப்பும் மங்கவில்லை. இடப்புறப் பெண் முதுகுக்குப் பின்னால் மடக்கிய கையில் பிடித்திருக்கும் சிறு கதிர்க்கொத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுப்பு முடிந்த வயலில் எங்கள் ஆயாவும் இப்படித்தான், ஒவ்வொரு கதிருக்கும் நிமிராமல், கை நிறைந்த பிறகே மடியில் போட்டுக்கொள்வார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

சட்டத்தின் மூலை இணைப்பில் இடைவெளி இல்லை. பளபளப்புப் பூச்சு மட்டும் குழல்விளக்கின் ஒளியைத் திருப்பி அடித்து, நிழல் பகுதிகளை மறைக்கிறது. மங்கலான பூச்சையே கேட்டு வாங்குங்கள். மொத்தச் செலவு 2,400 ரூபாய். கொடுக்கும்போதே ரசீதில் ‘முழுப்படம், ஓரம் வெட்டக்கூடாது’ என்று எழுதச் சொல்லிவிடுவது நல்லது.