மருத்துவமனையின் திறன்: விகிதமா, எல்லைக்கோடா?

தலா 100 படுக்கைகள் கொண்ட இரண்டு மருத்துவமனைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் 90 சதவீதப் படுக்கைகள் நிரம்பியிருக்கின்றன. நோயாளி சராசரியாக 10 நாள் தங்குகிறார். இரண்டாவதில் 70 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது; தங்குவது 4 நாள். வார்டுகளைச் சுற்றிப் பார்ப்பவருக்கு முதலாவதுதான் மும்முரமாகத் தெரியும். கணக்குப் போட்டால், ஆண்டுக்கு முதலாவது ஏறத்தாழ 3,285 பேருக்கும் இரண்டாவது 6,388 பேருக்கும் சிகிச்சை அளித்திருக்கும்.

படுக்கை நிரப்பு விகிதத்தைத் தனியாகப் பார்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான். நிரப்பு விகிதம், படுக்கைச் சுழற்சி (ஒரு படுக்கையை ஆண்டில் எத்தனை நோயாளிகள் பயன்படுத்தினார்கள் என்பது), தங்கும் நாட்கள் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் பபோன் லாசோ முறை 1986-இல் வந்தது. வார்டுப் பதிவேடு இருந்தால் போதும், யாரும் வரைந்துவிடலாம். ஆனால் அது காரணத்தைச் சொல்லாது. காலை பத்து மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிவிட்டார். டிஸ்சார்ஜ் சுருக்கமும் பில்லும் வந்து சேர மாலை நான்காகிறது. பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நோயாளி கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். பதிவேட்டைப் பொறுத்தவரை அந்தக் கட்டில் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தவை எல்லைக்கோட்டு முறைகள். 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் முன்வைத்த டிஇஏ (DEA, தரவு உறைப் பகுப்பாய்வு), மருத்துவர், செவிலியர், படுக்கை போன்ற பல உள்ளீடுகளையும் பல வெளியீடுகளையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, இருப்பவற்றுள் சிறந்த மருத்துவமனைகளை இணைத்து எல்லை வரைகிறது. மற்றவை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே மதிப்பெண். பெரிய சமன்பாடு எதையும் முன்கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிழை எல்லையையே நகர்த்திவிடும். அடிப்படை வடிவத்தில் இந்த முறைக்குத் தற்செயல் என்ற ஒன்றே கிடையாது.

1977-இல் உருவான எஸ்எஃப்ஏ (SFA, தற்செயலையும் கணக்கில் கொள்ளும் எல்லைக்கோட்டுப் பகுப்பாய்வு) அதற்கு இடம் தருகிறது. கொள்ளைநோய் பரவிய ஆண்டின் நெருக்கடியை ஒரு பக்கமும் நிர்வாகக் குறையை மறுபக்கமும் பிரிக்கப் பார்க்கிறது. அதற்கு விலை உண்டு: உள்ளீட்டை வெளியீட்டோடோ செலவோடோ இணைக்கும் சமன்பாட்டின் வடிவத்தையும், திறனின்மை எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் நாமே ஊகித்தாக வேண்டும்.

காலத்தோடு ஒப்பிடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். டிஇஏ மதிப்பெண் 0.80-இலிருந்து 0.88-ஆக உயர்ந்தால் 10 சதவீத முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அதே காலத்தில் எல்லைக்கோடே 10 சதவீதம் கீழிறங்கியிருந்தால்? உற்பத்தித்திறன் மாற்றத்தை அளக்கும் மால்ம்குவிஸ்ட் குறியீடு, மதிப்பெண்ணின் மாற்றம், எல்லைக்கோட்டின் மாற்றம் இரண்டையும் பெருக்குகிறது: 1.10 × 0.90 = 0.99. மருத்துவமனை முன்னேறவில்லை, முன்னால் நின்றவர்கள் பின்வாங்கியதால் இடைவெளி குறைந்திருக்கிறது. 2020-இல் அவசரமற்ற அறுவை சிகிச்சைகள் பல நாடுகளில் தள்ளிப்போடப்பட்டன. அந்த ஆண்டின் டிஇஏ மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் பாராட்டவும் கூடாது, தண்டிக்கவும் கூடாது.

என் தேர்வைக் கேட்டால்: மாற்றத்தைப் பிரித்துப் பார்க்க மால்ம்குவிஸ்ட், காரணத்தைத் தேட, பல ஆண்டுத் தரவு இருந்தால் எஸ்எஃப்ஏ. உரிமை வகை (அரசா, தனியாரா), மருத்துவமனையின் அளவு, ஊழியர் விகிதம் ஆகியவற்றைத் திறனின்மையோடு ஒரே எஸ்எஃப்ஏ மதிப்பீட்டில் இணைக்க ஆய்வாளர்கள் பட்டீஸ், கோயெல்லி இருவரும் 1995-இல் வழி காட்டினார்கள். டிஇஏ மதிப்பெண்ணை முதலில் கணக்கிட்டு, பிறகு காரணிகளோடு அதற்குள்ள தொடர்பைச் சாதாரண ரெக்ரஷன் (regression) என்ற புள்ளியியல் முறையில் தேடும் பழக்கத்தை நான் நம்புவதில்லை. மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அதில் பிழை புகுகிறது. 2007-இல் ஆய்வாளர்கள் சிமார், வில்சன் இதை விரிவாகக் காட்டி மாற்று வழியும் தந்தார்கள்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், வெளியீட்டை எப்படி எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். முழுதாகக் குணமாகும் முன்பே அனுப்பப்பட்ட ஒருவர் பன்னிரண்டாம் நாள் மூச்சுத்திணறலோடு திரும்பி வருகிறார். பல தரவுத்தொகுப்புகளில் அவர் சிகிச்சை பெற்ற இரண்டு பேர்.