வண்ணாரப்பேட்டையில் முகத்துக்குக் கிரீம் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

இன்று காலை, என் முகத்தைக் கெடுத்த கிரீமை விற்ற கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே டப்பா. ‘புது ஸ்டாக் வந்துவிட்டது’ என்று எழுதி, கூடவே இரண்டு ரோஜாப்பூ வேறு. முகம் எரிய எரிய அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு எண்ணெய் வழியும் முகம். தண்டையார்பேட்டையில் கிளம்பி மண்ணடியில் வேலைக்கு இறங்குவதற்குள் நெற்றியில் அப்பளம் பொரிக்கலாம். தாடையில் எப்போதும் நாலைந்து பருக்கள். பருவுக்காகப் போட்ட பென்சாயில் பெராக்சைடு ஜெல் தோலை உரித்துவிட்டதால் ஒரு மாய்ஸ்சரைசர் தேவைப்பட்டது. “வழிகிற முகத்துக்கு இன்னும் எதற்கடி?” என்று அம்மா கேட்டார். எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவள்தான் நான்.

எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அழகுசாதனக் கடை. பெயர் வேண்டாம். கல்லாவில் இருந்த அக்கா என் தாடையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். “என் பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்தது கண்ணு” என்று செல்போனில் மகளின் படங்களைக் காட்டினார். கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் என் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டாத ஆள் கிடையாது. இவர் கொட்டவில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். “கொரியா சரக்கு. எண்ணெயே கிடையாது. ஒரே வாரத்தில் நீயே வந்து இன்னொன்று கேட்பாய் பார்.” கிரீம் 1,850. கூடவே போட்டால்தான் வேலை செய்யும் என்று ஒரு சீரம் 800. ஆக 2,650 ரூபாய். துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுக் கொடுத்தார், அதுதான் பில்.

முதல் பத்து நாள் முகம் கண்ணாடி. அலுவலகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கடைக்கு வழி சொன்னேன், அந்தப் பாவம் தனி. மூன்றாம் வாரம் நெற்றி, கன்னம் எங்கும் ஒரே அளவில் கடுகு கடுகாகச் சிவப்புப் பொரிகள். பூசாமல் விட்டால் தண்ணீர் பட்டாலே எரிந்தது.

கடைக்குப் போனேன். “உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது கண்ணு, நல்லதுதான்.” அடுத்த முறை கண்ணு போய் மேடம் ஆகிவிட்டேன்: “நீங்கள் அதிகமாகப் பூசியிருப்பீர்கள் மேடம்.” மூன்றாம் முறை, ஓனர் பாரிமுனைக்குப் போயிருக்கிறாராம். ஓனரே அந்த அக்காதான் என்று பக்கத்து வளையல் கடைக்காரர் சொன்னார். நேற்று மாலை அக்கா பில் கேட்டார். துண்டுச் சீட்டை நீட்டினேன். “இதில் கடைப் பெயரே இல்லையே?” அவர் எழுதிய சீட்டு! பிறகு மனமிரங்கி, மேலே 400 ரூபாய் கொடுத்தால் வேறு கிரீம் மாற்றித் தருவதாகச் சொன்னார். 2,650 போதவில்லை போலிருக்கிறது.

தோல் டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. இறக்குமதிச் சரக்கில் இருக்க வேண்டிய பதிவுச் சான்றிதழ் எண்ணும் இல்லை. டாக்டர் சொல்லாமல் முகத்தில் பூசக் கூடாத ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார், சோதனை செய்தால்தான் உறுதியாகும். சட்டென்று பளபளப்பாகி, பிறகு பொரிந்து, நிறுத்தினால் எரிவது அதன் குணமாம். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவர் எழுதிக் கொடுத்தது மருந்துக் கடையில் 300 ரூபாய்க்குள் கிடைக்கும் வாசனையில்லாத ஜெல். கிளிசரின், நியாசினமைடு என்கிற ஒரு வகை வைட்டமின் பி3, அவ்வளவுதான். என் 2,650 ரூபாய்க்கு எட்டு டியூப் வந்திருக்கும்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ‘நான்-காமெடோஜெனிக்’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், தோலின் துளைகளை அடைக்காது என்று அர்த்தம். கெட்டிக் கிரீம் வேண்டாம், ஜெல் போதும். தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர் என்று பட்டியலில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். தாடை ஓரத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். முகவரி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். கடைப் பெயர் அச்சிட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். டப்பாவை நான் எறியவில்லை, நாளை நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போகிறேன்.

ஸ்டேட்டஸைப் படமெடுத்து வைக்கலாம் என்று இப்போது திறந்தால் காணவில்லை. அக்கா என்னை பிளாக் செய்துவிட்டார்.