மொத்த விலைக் கடையில் நான்கு வருடம்: விலையில் குறையில்லை, பில்லில்தான் குறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மாதம் ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்து, பெரிய மொத்த விலை சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று. நான்கு வருடமாக மாதம் தவறாமல் வாங்குவதால் பதில் சொல்ல முடியும். கடையின் அளவு, பார்க்கிங், உறுப்பினர் அட்டை எல்லாம் ஒருமுறை போனாலே தெரிந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது பில் கவுண்டரைப் பற்றி.

பாக்கெட்டில் இருக்கும் பார்கோடில் எம்ஆர்பி கிடையாது. 890 என்று தொடங்கும் அந்த 13 இலக்கம் என்ன பொருள், என்ன அளவு என்று மட்டும்தான் காட்டும். கம்பெனி விலையை மாற்றினாலும் பெரும்பாலும் அதே பார்கோடுதான் தொடரும். பழைய விலைச் சரக்கும் புது விலைச் சரக்கும் ஒரே ரேக்கில் இருந்தால், ஸ்கேன் செய்ததும் திரையில் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஒரே பொருள் இரண்டு மூன்று வரியாக நிற்கும், எம்ஆர்பி மட்டும் வேறு வேறாக. பாக்கெட்டைத் திருப்பி அச்சடித்த விலையைப் பார்த்து, அதற்குரிய வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பில் போடுபவரின் வேலை. பின்னால் பத்து ட்ராலி நிற்கும்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. என்டரைத் தட்டுவார்கள், முதல் வரி விழும். முதல் வரி பெரும்பாலும் பழைய விலை.

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இது இன்னும் மோசமானது. அன்று குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீத ஜிஎஸ்டியிலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. 118 ரூபாய்க்கு இருந்தது 105-க்கு வர வேண்டும். ரேக்கில் இருந்த விலைச் சீட்டை மாற்றினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கணினித் திரையில் வரும் பழைய விலை வரியை மட்டும் எடுக்கவில்லை.

கணக்காகவே பாருங்கள். எம்ஆர்பி 105 ரூபாய் சோப்பு பேக். ஒன்று எடுத்தால் 100, மூன்று எடுத்தால் தலா 97, ஆறு எடுத்தால் தலா 94 என்று சீட்டு சொல்கிறது. ஆறுக்கு 564 வர வேண்டும். பழைய 118 வரியில் விழுந்து, அங்கே ஆறுக்கான விலை தலா 105 என்று இருந்தால் 630 ஆகிவிடும். 66 ரூபாய் போச்சு. இதில் வயிறு எரிவது எங்கே என்றால், தலா 105 என்பது புது எம்ஆர்பியேதான், அதற்கு மேல் ஒரு காசு இல்லை. எம்ஆர்பியைத் தாண்டி விற்றார்கள் என்று புகாரும் கொடுக்க முடியாது. மொத்த விலைக் கடைக்குப் போய்த் தெருமுனைக் கடையின் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இன்னொன்றும் நடக்கும். ஆறில் ஐந்து புது வரியிலும் ஒன்று மட்டும் பழைய வரியிலும் விழுந்தால் ஆறு என்ற கணக்கே உடைந்துவிடும். ஐந்துக்குத் தலா 97, தனியாக விழுந்ததற்குப் பழைய வரியில் ஒன்றுக்கான விலை 112 என்றால், ஆக 597. அந்த 112 புது எம்ஆர்பியைத் தாண்டியது. அதற்குச் சண்டை போடலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். வாசனை மாற்றி எடுத்தாலும் இப்படித்தான், சந்தனம் மூன்று, எலுமிச்சை மூன்று என்றால் அது ஆறு ஆகாது. பார்கோடு வேறு, வரியும் வேறு.

வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கவுண்டரில் நிற்கும் பெண்கள் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறார்கள், எடுத்துச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்துகிறார்கள். பழைய விலை வரியை நீக்குவது அவர்கள் கையில் இல்லை, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கிறது. நான்கு வருடமாகச் சொல்லியும் அவர்கள் செய்யவில்லை என்பதுதான் என் கோபம்.

குடும்பத்தோடு போவதில் லாபம் இருப்பதும் இதனால்தான். தனியாகப் போனால் ஒருவரே சாமானை பெல்ட்டில் வைக்க வேண்டும், திரையைப் பார்க்க வேண்டும், பையில் அடுக்க வேண்டும். மூன்றும் ஒரே ஆளால் ஆகாது. ஒருவர் எடுத்து வைக்கட்டும், ஒருவர் கண்ணைத் திரையிலேயே வைக்கட்டும், ஒருவர் கட்டைப்பையில் அடுக்கட்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ரேக்கிலேயே ஒரே எம்ஆர்பி உள்ள பாக்கெட்டுகளாகப் பொறுக்கச் சொல்லுங்கள். ஆறும் ஒரே விலையாக இருந்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். ஒரே பொருளை பெல்ட்டில் சேர்த்து வையுங்கள், நடுவில் வேறு சாமான் வரக்கூடாது.

பணம் கட்டியதும் வாசலுக்கு ஓடாதீர்கள். பில்லில் தொகையைப் பார்ப்பதற்கு முன் எம்ஆர்பி என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். சோப்பு, ஷாம்பூ, பற்பசை, சலவைத் தூள் இந்த நான்கிலும்தான் தப்பு அதிகம். வாசலில் காவலாளி பில்லில் முத்திரை குத்திவிட்டால் அதற்குப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

ரேக்கில் கவனிக்க வேண்டியது எண்ணெய். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் என்பது சுமார் 910 கிராம். பக்கத்திலேயே பார்வைக்கு அதே உயரத்தில் 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகளும் இருக்கும். 910 கிராம் 140 ரூபாய், 800 கிராம் 128 ரூபாய் என்றால் இரண்டாவது மலிவு போலத் தெரியும். கிலோ கணக்குக்கு வந்தால் முதலாவது 154, இரண்டாவது 160. டின்னிலும் அப்படித்தான். 15 லிட்டர் டின்னில் இருப்பது ஏறக்குறைய 13.65 கிலோ, 15 கிலோ டின் வேறு. ஐந்து லிட்டர் கேனை எடுக்கும் முன் ஐந்து பாக்கெட்டின் விலையைக் கூட்டிப் பாருங்கள், பல மாதம் பாக்கெட்டுதான் குறைவு. பாக்கெட்டில் அலகு விலை என்று அச்சடித்திருப்பது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. கடை தரும் விலைக்கு அது பொருந்தாது. போதாததற்கு ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கும் அதைத் தாண்டியதில் கிலோவுக்கும் போட்டிருப்பார்கள். கைபேசியில் வகுத்துப் பார்ப்பதுதான் வழி.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தக் கடையில் தொட்டியில் கொட்டி விற்கும் லூஸ் உருட்டு உளுந்து போல இந்த வட்டாரத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஹோட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போவதால் காலையில் பிரித்த மூட்டை சாயங்காலம் தீர்ந்துவிடுகிறது, பழைய சரக்கு நிற்க வழியே இல்லை. கை நிறைய அள்ளி விட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் மாவு ஒட்டாது. மாவு ஒட்டினால் வண்டு அரித்ததாக இருக்கும், இல்லை நாள்பட்டதாக இருக்கும். ஒன்றைப் பல்லில் வைத்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் போதும். கிரைண்டரில் பொங்கி மூடியைத் தொடும். பழைய உளுந்தென்றால் ஒன்றேகால் போட்டாலும் இட்லி தட்டையாகத்தான் வரும். எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது அந்தப் பிரிவிலேயே, அதை மறந்து கவுண்டருக்குப் போனால் திரும்பி வர வேண்டும்.

அரிசியை அங்கே வாங்காதீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான லேபிள் போட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத வரி, அதனால்தான் 26 கிலோ சிப்பம் வந்தது. அந்தச் சிப்பம் மண்டியிலும் கிடைக்கிறது. மண்டிக்காரருக்கு அது எத்தனை மாத அரிசி என்று தெரியும், சாதம் குழைந்தால் மூட்டையைத் திருப்பி எடுப்பார், வீட்டிலும் இறக்கித் தருவார். முந்திரிக்கு பண்ருட்டி பக்கத்தில் இருக்கிறது. முழுப் பருப்பின் தரக் குறியீடு டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு, டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. பாயசத்துக்கு உடைந்த பருப்பே போதும். காய்கறிக்கு உங்கள் ஊர் உழவர் சந்தை இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ரவை, மைதா, சர்க்கரையை மொத்தமாக வாங்கவே வேண்டாம். கடல் காற்றும் மழையும் சேர்ந்தால் இருபது நாளில் ரவையில் புழு வரும், சர்க்கரை கட்டியாகும். வாங்கிவிட்டால் ரவையை அன்றே வெறும் வாணலியில் சூடேற வறுத்து ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். பருப்பு டப்பாவில் துண்டு வசம்பு.

இனி நண்பரின் கேள்வி. 6,000 ரூபாய் மளிகைக்கு எங்களுக்கு மிஞ்சுவது 400, 500. எங்களுக்குக் கடை நாலு கிலோமீட்டர். உங்களுக்குப் போகவர ஏறக்குறைய 50, பெட்ரோலுக்கே 300 ரூபாய்க்குக் குறையாது. சனி, ஞாயிறு மாலையில் அரியாங்குப்பம் பாலமும் மரப்பாலமும் தாண்டுவதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். அதன் மேல் பில்லில் ஒரு தடவை 66 ரூபாய் விட்டால் கையில் என்ன நிற்கும்? வர வேண்டாம். கடலூரிலேயே நல்ல மளிகைக் கடையில் சீட்டுக் கொடுத்து வாங்குங்கள்.

உளுந்து மட்டும் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுங்கள். புதன்கிழமை காலையில் கூட்டம் இருக்காது, எங்களுக்கு வாங்கும்போது உங்களுக்கும் சேர்த்து அள்ளி வைக்கிறேன்.